பூந்தாது சொல்லும் சாட்சி

மகரந்தம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோருக்குக் கவிகளின் ஞாபகந்தான் வரும். தாமரைக்குள் வண்டு மூழ்கி எழுவதும், அதன் உடம்பெல்லாம் பொன்பொடி அப்பிக்கொள்வதும், தென்றல் அந்தப் பொடியை வாரிக்கொண்டு வந்து வீதியெல்லாம் இறைப்பதும் நம் காவியங்கள் அலுக்காமல் காட்டும் காட்சிகள். வீடு பெருக்குகிறவர்களுக்கு வேறு ஞாபகம் வரும். வேம்பு பூக்கும் காலத்தில் முற்றத்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை பெருக்கினாலும் போதாது. மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கோ மகரந்தம் என்பது தும்மலுக்கு மறுபெயர். இப்படிக் கவிக்கு இன்பமும், இல்லத்தரசிக்கு வேலையும், நோயாளிக்கு உபத்திரவமும் தருகிற இந்தத் தூள், கூண்டில் ஏறிச் சாட்சியும் சொல்லும் என்றால் நேயர்கள் நம்புவார்களா?

சாட்சி என்றால் சாமான்யமான சாட்சி அல்ல. நேற்று நடந்ததை இன்று மாற்றிச் சொல்கிற மனிதச் சாட்சிகளை நாம் அறிவோம். ஐந்து கோடி, ஆறு கோடி வருஷங்களுக்கு முன் எந்த நிலத்தில் எந்த மரம் நின்றது, அங்கே மழை எப்படி, பனி உண்டா இல்லையா என்பதைத் தடுமாறாமல் சொல்லும் சாட்சி இது. மனித ஜாதியே பிறவாத காலத்துச் சங்கதி என்பதை மறக்க வேண்டாம்.

மகரந்தத்தின் உள்ளே இருக்கும் உயிர்ச்சத்து வெகு சீக்கிரத்தில் மடிந்துவிடுகிறது. ஆனால் அதன்மேல் ஒரு சட்டை இருக்கிறது. ஸ்போரோபொலனின் என்ற பொருளால் ஆன சட்டை. உயிர்கள் உண்டாக்கும் பொருள்களில் இத்தனை கெட்டியானவை மிகச் சிலவே. காற்றும் கடுஞ்சூடும் அதற்குச் சத்துருக்கள். காற்றுப் புகாத சேற்றில் அமிழ்ந்துவிட்டாலோ, பிறகு பயமில்லை. சேறு கல்லாகலாம், காடு கரியாகலாம், கடல் பின்வாங்கி அந்த இடம் மேடாகலாம், சட்டை மட்டும் தன் வேலைப்பாடு குலையாமல் உள்ளே கிடக்கும்.

அந்த வேலைப்பாட்டில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறுக்கு மைக்ரான் என்று பெயர். மகரந்த மணிகளில் பெரும்பாலானவை 10 முதல் 100 மைக்ரான் அளவே உள்ளவை. அந்த அளவிலும் ஒவ்வொரு குலத்துக்கும் ஓர் அடையாளம் உண்டு. புல்லின் மணி வழவழப்பான உருண்டை. அதில் ஒரே ஒரு துவாரம். செம்பருத்தியின் மணி உடம்பெல்லாம் முள். பைன் மரத்தின் மணிக்கு இரு பக்கமும் இரண்டு காற்றுப் பைகள். பட்டுப் புடவையின் கரையைப் பார்த்தே எந்த ஊர்த் தறி என்று சொல்லும் பாட்டிமார்கள் நம் வீடுகளில் உண்டல்லவா? அதுபோல, பழகிய கண்ணுக்கு ஒரு மணியைப் பார்த்ததும் எந்தக் குடும்பத்துச் செடி என்பது தெரிந்துவிடும்.

இந்தப் பார்வையை முறைப்படுத்தியவர் ஸ்வீடன் தேசத்து லென்னார்ட் வான் போஸ்ட். சதுப்பு நிலத்தின் அடுக்குகளிலே புதைந்த மகரந்தங்களை எண்ணி, காடுகள் காலத்துக்குக் காலம் மாறிய கதையைச் சொல்லலாம் என்று 1916-ல் அவர் எடுத்துக் காட்டினார். 1944-ல் இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் இந்தக் கலைக்குப் 'பாலினாலஜி' என்று நாமகரணம் செய்தார்கள். தூவுதல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர்.

நம் தேசம் இதில் பின்தங்கி நிற்கவில்லை. பஞ்சாபில் பேரா என்ற ஊரில் 1891-ல் பிறந்து, லாகூரிலும் கேம்பிரிட்ஜிலும் கற்று, 1921 முதல் லக்னோ சர்வகலாசாலையில் தாவர சாஸ்திரப் பேராசிரியராக விளங்கியவர் பீர்பால் சாஹ்னி. பூமிக்குள் புதைந்த செடிகொடிகளின் ஆராய்ச்சிக்கென்றே தனியாக ஒரு நிலையம் வேண்டும் என்பது அவருடைய வாழ்க்கைக் கனவு. அதற்காக அவரும் அவருடைய மனைவி சாவித்திரி அம்மையாரும் தங்கள் சொத்தையும் நூல்களையும் அர்ப்பணம் செய்தார்கள். 1949-ம் வருஷம் ஏப்ரல் 3-ம் தேதி ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல்லை நாட்டினார். அந்தக் கல் வெறும் கல் அன்று. பல தேசத்துப் புதைபடிவங்களைப் பதித்து சாஹ்னி உருவாக்கியது. அதை நாட்டிய ஒரே வாரத்தில் அவர் காலமானார். கட்டடம் எழும்பியதை அவர் பார்க்கவில்லை. சாவித்திரி அம்மையார் மனம் தளராமல் பொறுப்பை ஏற்று நடத்தினார். இன்றும் அந்த நிலையம் லக்னோவில் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சாஹ்னியின் வாழ்க்கையிலிருந்தே இந்தச் சாட்சியின் பலத்தையும் பலவீனத்தையும் தெரிந்துகொள்ளலாம். நம் வீடுகளில் வைத்தியத்துக்கு வைத்திருக்கும் இந்துப்பு, பஞ்சாபின் உப்பு மலைகளில் வெட்டியெடுப்பது. அந்த உப்புப் பாறையைக் கரைத்துப் பார்த்த சாஹ்னிக்கு அதில் நுண்ணிய தாவரத் துணுக்குகள் கிடைத்தன. பூக்கும் மரங்களின் துணுக்குகள் இருப்பதால் உப்பின் வயது சுமார் ஐந்து கோடி வருஷந்தான் இருக்கும் என்று அவர் 1940-களில் வாதாடினார். மற்றவர்கள் மறுத்தார்கள். இன்றைய முடிவு, அந்த உப்பு 50 கோடி வருஷத்துக்கும் மேற்பட்டது என்பதே. துணுக்குகள் பின்னால் வந்து சேர்ந்தவை என்று கருதுகிறார்கள். எங்கும் பறந்து எதிலும் நுழையும் பொருளைச் சாட்சியாக வைத்துக்கொள்பவர்கள் எத்தனை ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. ஆகையால்தான் ஒரு மணியைக் கண்டதும் யாரும் தீர்ப்பு எழுதிவிடுவதில்லை. ஒரே அடுக்கில் நூற்றுக்கணக்கான மணிகளை எண்ணுகிறார்கள். வேறு இடங்களில் தோண்டிப் பார்க்கிறார்கள். இலை, கனி, பிசின் ஆகியவை ஒத்துப் பேசுகின்றனவா என்று விசாரிக்கிறார்கள்.

இவ்வளவையும் எனக்குப் போதித்தவள் என் சகோதரியின் மகள். தாவர சாஸ்திரத்தில் எம்.எஸ்ஸி. வாசிக்கிறாள். "மாமா, ஒரு நாள் எங்கள் காலேஜுக்கு வந்து பாருங்களேன்" என்று அவள் பல தடவை அழைத்ததன்மேல் சென்ற மாதம் போயிருந்தேன். கல்லைப் பொடி செய்து, ஓர் அமிலத்தில் சுண்ணாம்பைக் கரைத்து, ஹைட்ரோபுளோரிக் என்ற இன்னோர் அமிலத்தில் மணலையும் களிமண்ணையும் கரைத்துவிடுவார்களாம். இரண்டாவது அமிலம் கண்ணாடியையே தின்றுவிடுமாதலால் அதைப் பிளாஸ்டிக் பாத்திரத்தில்தான் வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் அருகில் இல்லாமல் அதைத் தொடக்கூட அநுமதி இல்லை. கல் முழுவதும் கரைந்த பிறகு அடியில் பழுப்பாகச் சிறிது வண்டல் தங்குகிறது. கல்லே கரைந்த இடத்தில் பூந்தாது கரையாமல் எஞ்சுகிறது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

மைக்ராஸ்கோப்பில் அவள் எனக்குக் காட்டிய மணி, ஊமத்தங்காயை நினைவூட்டியது. உருண்டை, சுற்றிலும் முட்கள், நடுவில் வாளால் அறுத்தது போன்ற ஒரு பிளவு. "இது நிப்பா மாமா. பனை ஜாதி. குஜராத்துப் பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுத்தது. ஐந்து கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது" என்றாள்.

நிப்பா என்பது உப்பங்கழியில் வளரும் விசித்திரமான பனை. அதன் தண்டு நிமிர்ந்து நிற்பதில்லை, சேற்றுக்குள்ளே படுத்துக்கிடக்கும். ஓலைகள் மட்டும் சேற்றிலிருந்து நேராக எழும்பும். வங்காளத்துச் சுந்தரவனத்தில் அதற்கு கோல்பாதா என்று பெயர். ஏழைகளின் வீட்டுக் கூரை அந்த ஓலைதான். இன்று உலகத்தில் எஞ்சியுள்ளது ஒரே இனம். இலங்கையிலும், சுந்தரவனத்திலும், அந்தமானிலும், அங்கிருந்து கிழக்கே மலேயா, ஜாவா, நியூகினி, ஆஸ்திரேலியாவின் வடகரை வரையிலும் அது இயற்கையாக வளர்கிறது.

ஆனால் அந்த முள் மணிகள் எங்கெங்கே அகப்பட்டிருக்கின்றன, தெரியுமா? பிரேஸிலில் அகப்பட்டிருக்கின்றன, மேற்கு ஆப்பிரிக்காவில் அகப்பட்டிருக்கின்றன, இன்று கடலின் உப்பு வாசனைகூட வீசாத நம் மேகாலயத்துப் பாறைகளிலும் அகப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றிலும் ஆச்சரியம் இங்கிலாந்து. தேம்ஸ் நதி முகத்துவாரத்தில் உள்ள ஷெப்பி என்ற தீவின் களிமண்ணிலிருந்து நிப்பாவின் கனிகளே ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. எலீனர் ரீட், மார்ஜரி சாண்ட்லர் என்ற இரண்டு மாதர்கள் அந்தக் கனிகளையும் விதைகளையும் ஆராய்ந்து 1933-ல் வெளியிட்ட பெருநூல் இன்றும் இத்துறையில் பிரமாணமாக இருக்கிறது. லண்டன் மாநகரத்தின் அடியில் கிடப்பது, சுந்தரவனத்தைப் போன்ற ஒரு காட்டின் சேறு! வெயிலுக்கு ஏங்கும் வெள்ளைக்காரத் துரைமார்களின் பட்டணத்தில் ஒரு காலத்தில் பனைமரம் நின்றது என்பதில் நமக்குச் சற்றுத் திருப்தி உண்டானால் அது மனித சுபாவந்தான்.

இதையும் மிஞ்சிய சாட்சி ஒன்று உண்டு. 2010-ல் ஓர் ஆராய்ச்சிக் கப்பல் அண்டார்க்டிகாவின் வில்க்ஸ் பகுதிக் கரைக்கு அப்பால் நங்கூரம் போடாமலே நிலைத்து நின்று, ஏறக்குறைய 4 கிலோமீட்டர் ஆழமுள்ள கடலின் அடித்தரையை 1,000 மீட்டர் வரை துளைத்தது. அந்தத் துளையிலிருந்து வந்த சுமார் 5 கோடியே 20 லட்சம் வருஷத்துச் சேற்றில் என்ன இருந்தது? பனை ஜாதியின் மகரந்தமும், நம் இலவமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மகரந்தமும் இருந்தன. தலையணைக்குப் பஞ்சு தருகிறதே, அந்த இலவத்தின் உறவினர்கள்! பனையும் இலவமும் பனிக்கட்டியில் பிழைப்பவை அல்ல. ஆகவே, மாதக்கணக்கில் இருள் சூழ்ந்திருந்த அந்தத் தென்துருவக் கரையில் குளிர்காலத்திலும் 10 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்திருக்க வேண்டும் என்று 2012-ல் அறிவித்தார்கள். அக்காலத்தில் காற்றில் கரியமில வாயு மிகுந்திருந்ததால் பூமி முழுவதுமே ஒரு வெந்நீர் அறை போல இருந்தது. அந்த வாயுவை நாம் இன்று புகைக்கூண்டுகளின் வழியாகத் திரும்பவும் நிரப்பிவருகிறோம். இயற்கை பல லட்சம் வருஷம் எடுத்துக்கொண்டு செய்த மாறுதலை நாம் இரண்டு மூன்று தலைமுறைக்குள் செய்து முடிக்கப் பார்க்கிறோம். மகரந்தம் பொய் சொல்லாது; ஆனால் நல்ல செய்தியை மட்டுந்தான் சொல்லும் என்றும் இல்லை.

இனி, எங்கள் பெரியப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு வயது எண்பத்தெட்டு. எங்கள் தெருவில் பூங்கா ஒன்று அமைக்க முடிவானபோது, மரங்களின் ஜாபிதா தயாரிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்புவித்தார்கள். ஜாபிதாவுக்குச் 'சுதேச மரங்கள்' என்று தலைப்பிட்டு, பிறர் கொடுத்த பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார். குல்மொஹர் மடகாஸ்கர் மரம், அடித்தார். தூங்குமூஞ்சி அமெரிக்காவிலிருந்து வந்தது, அடித்தார். சீமைக் கருவேலத்தின் பெயரைச் சொல்லவே விடவில்லை. "இந்த மண்ணில் பிறந்ததுதான் இந்த மண்ணுக்கு வேண்டும்" என்றார்.

"பெரியப்பா, புளியமரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்கிறார்களே?" என்றேன்.

பெரியப்பா பேனாவைக் கீழே வைத்தார். புளியமரத்தை அடித்தால் ரசத்துக்கு வழி என்ன என்ற கவலை அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

அப்போது மருமகள்தான் குங்கிலியத்தின் கதையை எடுத்தாள். பூஜையில் புகைக்கிற குங்கிலியம், டிப்டரோகார்ப் என்ற குடும்பத்து மரங்களின் பிசின். 'இரு சிறகுக் கனி' என்பது அந்தப் பெயருக்குப் பொருள். வட நாட்டுச் சால மரமும், மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலிய மரமும் அதைச் சேர்ந்தவை. போர்னியோ, சுமத்ரா, மலேயாக் காடுகளில் வானளாவ நிற்கும் மரங்களில் பெரும்பகுதி அந்தக் குடும்பந்தான். இவற்றின் பிறந்தகம் கிழக்கே மலேயாப் பக்கம் என்றும், அங்கிருந்து பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்தன என்றும் நெடுங்காலம் பலர் எண்ணினார்கள். வித்து உலர்ந்தால் முளைக்காது. உப்புத் தண்ணீரில் பிழைக்காது. ஆதலால் கடல் தாண்டி வந்திருக்க முடியாது என்ற சிக்கலும் இருந்தது.

2010-ல் குஜராத்து நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் எடுத்த பழம்பிசின் கட்டிகளைப் பற்றிய செய்தி வந்தது. ஐந்து கோடி வருஷத்துக்கு முற்பட்ட அந்தக் கட்டிகளுக்குள் 700-க்கு மேற்பட்ட பூச்சிகள் சிறகு கலையாமல் சிக்கிக்கிடந்தன. பிசினைப் பரிசோதித்தபோது அது குங்கிலியக் குடும்பத்துப் பிசின் என்று தெரிந்தது. பிறகு 2022-ல் லக்னோவின் சாஹ்னி நிலையத்தாரும் வெளிநாட்டு அறிஞர்களும் சேர்ந்து மகரந்தச் சாட்சியைக் கொண்டுவந்தார்கள். ஆப்பிரிக்காவில் ஸுடானிலும், நம் தக்காணத்து எரிமலைப் பாறைகளுக்கு இடைப்பட்ட படிவங்களிலும், 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கும் முற்பட்ட டிப்டரோகார்ப் மகரந்தம் கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தியா தனி நிலமாகக் கடலில் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஆப்பிரிக்காவில் பிறந்த மரம், இடையே இருந்த தீவுத் தொடரின் வழியாக இந்தியாவில் ஏறியது. தக்காணத்தை நெருப்புக் குழம்பு மூடிய கஷ்டகாலத்தையும் தாண்டியது. இந்தியா ஆசியாவோடு முட்டிச் சேர்ந்த பிறகு கிழக்கே பர்மா, மலேயா என்று இறங்கிப் பரவியது. இதுவே அவர்கள் முடிவு.

"அப்படியானால் இந்த மரம் வந்ததா, இருந்ததா?" என்று கேட்டார் பெரியப்பா.

"வந்தது, இருந்தது, போனது, மூன்றுந்தான் தாத்தா" என்றாள் அவள்.

பெரியப்பா வெகு நேரம் பேசவில்லை. அவர் ரங்கூனில் பிறந்தவர். 1942-ல் ஜப்பானியர் குண்டு போட்டபோது, ஐந்து வயதுப் பிள்ளையாகத் தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு பர்மாக் காடுகளின் வழியாக மணிப்பூருக்கு நடந்தவர்களில் ஒருவர். கூட நடந்த அவருடைய அக்காள் ஊர் வந்து சேரவில்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் உள்ள எங்கள் கிராமத்தில் வெகு காலம் வரை அவருக்குப் 'பர்மாக்காரன்' என்றே பெயர். மூன்று தலைமுறைக்கு முன் அதே கிராமத்திலிருந்து போன குடும்பந்தான். ஆயினும் அந்தப் பெயர் போகவில்லை.

"அந்த வழியில் மரங்கள் இருந்தன" என்றார் கடைசியில். "கிளையே இல்லாமல் நேராகப் போகும். அண்ணாந்து பார்த்தால் உச்சி தெரியாது. கனி சுழன்று சுழன்று கீழே விழும். இரண்டு சிறகு இருக்கும். அக்கா அதைப் பொறுக்கிப் பொறுக்கி எனக்குப் பறக்கவிட்டுக் காட்டுவாள்."

மருமகள் அவர் கையைப் பற்றிக்கொண்டாள். "அதுதான் தாத்தா, இந்த மரம்" என்றாள்.

வந்து தங்கியவையும் தங்கி மறைந்தவையும் எத்தனையோ. டெனோலோபான் என்ற மரம் இன்று ஆப்பிரிக்காவிலும் மலேயா, போர்னியோப் பக்கங்களிலும் உண்டு; நடுவில் உள்ள இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அதன் மகரந்தம் நம் பழம்படிவங்களில் இருக்கிறது. சத்திரத்தில் தங்கிச் சென்றவர் கணக்கேட்டில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனது போல. மாறாக, துரியனும் வெடுப்பலாவும் சேர்ந்த கூட்டத்தின் மகரந்தத்தை ஒத்த மணிகள் குஜராத்து நிலக்கரியில் மிகுதியாக உள்ளன. அங்கே இன்று அந்த மரங்களின் சுவடே இல்லை. வெடுப்பலா மட்டும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி ஈரக் காடுகளில் ஒதுங்கி நின்று, சிங்கவால் குரங்குக்குப் பசி தீர்த்துக்கொண்டிருக்கிறது. உலகமே உலர்ந்து குளிர்ந்த காலத்தில் தப்பிப் பிழைத்தவற்றின் கடைசி வீடு அந்த மலை. அதை நாம் வெட்டிவிட்டால், அவை ஒதுங்குவதற்கு வேறு மலை இல்லை.

இந்த மணிகளின் உருவத்தைத் தரம் பிரித்து அடையாளம் சொல்வதற்கு உழைத்த தமிழர் ஒருவரை இங்கே நினைக்க வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய கணபதி தணிகைமணி, பனைக் குடும்பத்தின் மகரந்தத்தைப் பற்றி 1970-ல் வெளியிட்ட நூல் உலகப் புகழ் பெற்றது. உப்பங்கழித் தாவரங்களின் மகரந்தத்தையும் அவர் ஆராய்ந்தார். 1986-ம் வருஷம் செப்டம்பர் 5-ம் தேதி, கராச்சியில் பலாத்காரமாகக் கைப்பற்றப்பட்ட பான் அமெரிக்கன் விமானத்தில் பயணியாக இருந்த அவர் கொல்லப்பட்டார். வயது 48. கோடி வருஷத்துச் சாட்சிகளோடு பேசியவருக்குக் கிடைத்த ஆயுள் அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பெரியப்பா ஜாபிதாவைத் திருத்தி எழுதியிருந்தார். புளி திரும்பி வந்துவிட்டது. தூங்குமூஞ்சி ஒன்று, நிழலுக்காக, அநுமதி பெற்றிருந்தது. சீமைக் கருவேலத்தை மட்டும் சேர்க்கவில்லை. "வந்ததற்காக அல்ல. வந்த நூற்றைம்பது வருஷத்துக்குள் மற்றவற்றுக்கு இடமில்லாமல் பண்ணிவிட்டதற்காக" என்று காரணமும் சொன்னார். நியாயமான காரணந்தான், கோடி வருஷம் கூடி வாழ்ந்து பழகிய விருந்தாளி வேறு, வந்ததும் வீட்டைப் பிடுங்கிக்கொள்கிறவன் வேறு.

தலைப்பிலும் ஒரு மாறுதல் இருந்தது. 'சுதேச மரங்கள்' என்பதில் முதல் சொல்லை ஒரே கோடாக அடித்துவிட்டு, 'நம்' என்று எழுதியிருந்தார்.